ஜீப் கவிழ்ந்ததற்கு ஒரு காரணம்

பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளை மேடையிலிருந்து இறக்க முடியவில்லை போலிருக்கிறது. ஓரமாகத் தள்ளி, மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பின்னால் பெரிய திரை. அதில் ஒவ்வொரு முகமாக வந்து போய்க்கொண்டிருந்தது. முகத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே சாதனை.

என் முகமும் வந்தது. 'மூத்த ஊடகவியலாளர்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டினார். அவரோடு சேர்ந்து நானும் தட்டினேன்.

விழாவின் பெயர் 'சாதனைச் சங்கமம்'. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வாரப்பத்திரிகை (இந்தத் தொடர் வரும் பத்திரிகை அல்ல, ஆசிரியர் பதற வேண்டாம்) கல்லூரிப் பிள்ளைகளை மாணவ நிருபர்களாகத் தேர்ந்தெடுத்தது. அப்படி எங்கள் மாவட்டத்திலிருந்து போனவர்கள் இன்று என்னவாக ஆகியிருக்கிறோம் என்று ஊருக்குக் காட்டுவதற்காகக் கூட்டிய கூட்டம். ஊர் வரவில்லை. நாங்கள் இருந்தோம், எங்கள் குடும்பங்கள் இருந்தன, கேட்டரிங் ஆட்கள் இருந்தார்கள்.

என்னவாக ஆகியிருக்கிறோம்? ஒருவன் மனை விற்கிற கம்பெனிக்கு 'இயற்கையின் மடியில் ஓர் இல்லம்' என்று எழுதித் தருகிறான். திரையில் அவன் 'படைப்பாக்க இயக்குநர்'. இன்னொருத்தி, கட்சிப் பிரமுகர் ஒருவரின் முகநூல் பக்கத்தில் அவருக்குப் பதிலாகக் கோபப்பட்டு, அவருக்குப் பதிலாகக் கண்கலங்குகிறாள். 'அரசியல் வியூகர்'. மூன்றாவது ஆள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் 'உன்னால் முடியும்' என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்துகிறான். அவனால் என்ன முடிந்தது என்று ஒரு பிள்ளையும் திருப்பிக் கேட்டதில்லை.

நான் மட்டும் என்ன? ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இருபது வருடம் உட்கார்ந்து, அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை பார்த்தேன். ஜோதிடர் கோயில் குளம் என்று கிளம்பிப்போன வாரங்களில் பன்னிரண்டு ராசிக்கும் பலன் எழுதியதும் நான்தான். கன்னி ராசிக்காரர்களுக்கு நான் செய்த கெடுதல்களைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம்.

கடைசி முகமாக நூர்ஜஹான் வந்தாள். படம் கிடைக்கவில்லை போல. ஒரு ரோஜாப்பூவைப் போட்டிருந்தார்கள். கீழே 'இல்லத்தரசி'.

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, அந்த ரோஜாப்பூவை ஒரு பிழையான விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்து, பதினைந்து வருடமாக மனு எழுதுகிறவள் அவள். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு, எதுவானாலும் அவள் எழுதினால் அதிகாரி ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். எங்களில் இன்னும் நிஜத்தை எழுதிக்கொண்டிருக்கும் ஒரே ஆள். அவளுக்கு ரோஜாப்பூ.

அடையாள அட்டையின் காலம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மாணவ நிருபர் தேர்வு மதுரையில் நடந்தது. 'நான் முதலமைச்சரானால்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாட்டிலிருக்கும் எல்லாக் குளங்களையும் தூர்வாரினேன். தேர்வாகிவிட்டேன். ஒரு பை, ஒரு எழுதும் அட்டை, பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அடையாள அட்டை. அந்த அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நாங்கள் தேனி பஸ் ஸ்டாண்டில் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. டீ குடிக்கும்போதுகூடச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

வயதில் பெரியவன் என்பதால் மாவட்டத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளன். மற்றவர்கள் எழுதுவதை வாங்கி, திருத்தி, ஃபேக்ஸில் அனுப்புவது என் வேலை. எல்லோருக்கும் நான் 'ஞானம் அண்ணன்'. முழுப்பெயர் ஞானராஜ். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்பதை இந்த அத்தியாயம் முடிவதற்குள் வாசகர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் கும்பலில் நூர்ஜஹான் ஒருத்திதான் அட்டையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். கேட்டால், "இதப் பாத்தா ஆளுக பேச்ச மாத்திருவாகண்ணே" என்பாள்.

ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகளைப் பற்றி எழுத வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். கம்பத்துப் பக்கமிருந்து விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு, மெட்டு மலைச்சாலை ஏறி, கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள். ஏழெட்டுப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை அடைப்பார்கள். பின்னால் பாதிப்பேர் தொங்கிக்கொண்டு போவார்கள். நூர்ஜஹான் வீட்டில் கல்லூரி முகாம் என்று பொய் சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் என்ற தொழிலாளியின் அக்கா மகளாக நான்கு நாள் அந்த ஜீப்பில் போய்வந்தாள். ஏலக்காய் எடுத்து விரலெல்லாம் கறுத்து, கீறலோடு வந்து நின்றாள்.

ஐந்தாவது நாள், அவள் போகாத அன்றைக்கு, அதே ஜீப் மெட்டு வளைவில் கவிழ்ந்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள்.

அன்று சாயங்காலமே கட்டுரை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினொரு பக்கம். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள் என்பது தாளைப் பார்த்தால் தெரிந்தது. எழுத்தில் ஓர் இடத்தில்கூட அழுகை இல்லை.

அது அச்சில் வந்தபோது அவள் பெயர் இல்லை. "பொம்பளப்புள்ள பேரு வேண்டாம்பா, வீட்டுல பிரச்சினையாகும்" என்று பத்திரிகையில் எனக்கு மேலே இருந்தவர் சொன்னார். எங்கள் கும்பலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தவனின் பெயரில் கட்டுரை வந்தது. நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் திருட்டுக்கு உடந்தையானவன் என்ற குற்றவுணர்ச்சியை இத்தனை வருடமும் நான் பத்திரமாக வைத்திருந்தேன். உண்மையைச் சொல்வதானால், எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. மனசாட்சி உள்ளவன் என்று காட்டிக்கொள்ளத் தோதான குற்றம். சாராயக்கடை நண்பர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இந்தத் தொடரிலும் அதைத்தான் எழுதுவதாக இருந்தேன்.

மேடையில் ஒரு நட்சத்திரம்

படம் எடுத்தவன் பெயர் சரவணக்குமார். இன்று அவனைத் தெரியாதவர்கள் குறைவு. தொலைக்காட்சியில் நான்கு பேரை உட்கார வைத்து, நான்கு பேரையும் பேசவிடாமல் செய்வதற்குப் பெயர்தான் விவாதம் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவன். விழாவின் சிறப்பு விருந்தினர் அவன்தான். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, "டிராபிக்" என்றான். போடியிலிருந்து பழனிசெட்டிபட்டிக்கு வருகிற வழியில் என்ன டிராபிக்கோ.

மைக்கைப் பிடித்தான். திரையில் அந்தப் பழைய படம் வந்தது. தலையில் கட்டுப்போட்ட ஒரு பெண், ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறாள். நல்ல படம்தான். அதை மறுக்கவில்லை.

"நண்பர்களே, இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது. நான்கு நாட்கள் நானும் ஒரு கூலித் தொழிலாளியாக அந்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் மரணம் என் தோளைத் தொட்டது."

சரவணக்குமாரை மரணம் தொட்டதோ இல்லையோ, மலைப்பாதையில் அவனுக்கு வாந்தி வரும். குமுளிக்குச் சுற்றுலா போனபோது லோயர் கேம்ப்பிலிருந்து மேலே ஏறுவதற்குள் மூன்று தடவை பஸ்ஸை நிறுத்தினோம். ஏலக்காய் எடுக்கிற பெண்களுக்கு நடுவில், அடையாள அட்டையும் கூலிங் கிளாசுமாக இவன் தொங்கிக்கொண்டு போயிருந்தால் செக்போஸ்ட் போலீஸ்காரரே சிரித்திருப்பார்.

"அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு எழுத்தும் என் ரத்தம்" என்றான். கைதட்டல். நான் நூர்ஜஹானைப் பார்த்தேன். அவள் ஹெல்மெட்டின் வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் விழாக்குழுவினர் தங்கள் இன்ப அதிர்ச்சியை அவிழ்த்துவிட்டார்கள். படத்தில் இருக்கிற அதே பெண்மணியைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்திருக்கிறார்களாம். அவர் கையால் சரவணக்குமாருக்குப் பொன்னாடை போர்த்தப்படுமாம்.

பேச்சியம்மாள் மேடையேறினார். அறுபதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் பழைய தழும்பு. கையில் யாரோ திணித்த பொன்னாடை. அவர் யார், யாருடைய அக்கா என்பதை விழாக்குழுவில் ஒருவரும் விசாரிக்கவில்லை. படத்தில் இருந்த முகம் கிடைத்துவிட்டது; அது அவர்களுக்குப் போதும்.

பேச்சியம்மாள் கேட்ட கேள்வி

பொன்னாடையைப் போர்த்தாமல் அவர் மைக்கின் பக்கம் போனார்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாதுங்க. சால்வை போத்தணும்னு கூட்டியாந்தாக. போத்துறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். தம்பி, இத எழுதுனது நீங்கதானா?"

"ஆமாம்மா" என்று சரவணக்குமார் கைகூப்பினான்.

"பூராவுமா?"

"ஒரு எழுத்து விடாமல், அம்மா."

"அப்ப, டிரைவரு குடிச்சிருந்தான்னு எழுதுனதும் நீங்கதான?"

மண்டபத்தில் பாத்திரச் சத்தம்கூட நின்றுபோனது.

"அந்த டிரைவரு என் கூடப்பொறந்த தம்பிங்க. அன்னைக்கு நான் அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். காபித்தண்ணிகூடக் குடிக்காம வெறும் வயித்தோட வண்டி எடுத்தான். பிரேக்கு பிடிக்க மாட்டேங்குதுன்னு மொதலாளிகிட்ட ரெண்டு மட்டம் சொன்னான். சீசன் முடியட்டும்டான்னு சொல்லிப்புட்டாக. பிரேக்கு விசயம் அந்தப் பாய் வீட்டுப் புள்ளைக்கும் தெரியும். புத்தகத்துல குடிச்சிருந்தான்னு போட்டீக. மொதலாளி அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து ஊரெல்லாம் காட்டுனாரு."

சரவணக்குமாரின் முகம் நான் தொலைக்காட்சியில் பார்த்தேயிராத ஒரு நிலைக்குப் போனது. மைக்கைக் கையால் பொத்தாமலே சொன்னான்:

"அம்மா, அந்த ஒரு வரி மட்டும் நான் எழுதினதில்ல. அது ஆபீஸ்ல திருத்துற டெஸ்க்கில் சேர்த்தது."

"இப்பத்தான ஒரு எழுத்து விடாமன்னீக?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். இருபது வருடம் காத்திருந்த சிரிப்பு அது. பக்கத்து நாற்காலிக்காரரின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

"அப்ப யாருதான்யா அத எழுதுனது?" என்று பேச்சியம்மாள் மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக் கேட்டார்.

அவர் கண் வரிசை வரிசையாக வந்தது. என்னையும் கடந்து போனது. எனக்குள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது வரிசையிலிருந்து நான்காவது வரிசைக்கு அவர் பார்வை போன இடத்தில்.

தொகுப்பாளர் பாட்டைப் போடச் சொல்லிக் கைகாட்டினார். மைக் அணைந்தது.

தொலைபேசிக் கூண்டு

சரவணக்குமார் தன் வாழ்க்கையில் உண்மை பேசிய அபூர்வமான நேரங்களில் அதுவும் ஒன்று. அந்த வரியை அவன் எழுதவில்லை. நூர்ஜஹானும் எழுதவில்லை.

தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபேக்ஸ் வசதியுள்ள ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஊதுபத்தி வாசனை, வேலை செய்யாத ஒரு சின்ன ஃபேன். நூர்ஜஹானின் பதினொரு பக்கத்தை நான்கு பக்கமாகச் சுருக்கி என் கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, அந்தக் கூண்டுக்குள் நின்று மேலே இருந்தவரிடம் போனில் பேசினேன்.

"முதலாளி பேரு இருக்கே, ஆதாரம் இருக்கா?"

"டிரைவர் சொன்னதா அந்தப் பொண்ணு எழுதியிருக்கு சார்."

"டிரைவர் சொன்னா ஆதாரமா? வக்கீல் நோட்டீஸ் வந்தா நீ வாங்கிக்கிறியா? எடு அத."

எடுத்தேன். பேனாவால் ஒரே இழுப்பு. பிரேக் பற்றிய பத்தி மொத்தமும் அதோடு போனது.

"இப்ப ஜீப் ஏன் கவுந்துச்சுன்னு இல்லையேப்பா. காரணம் இல்லாம மேட்டர் நொண்டியடிக்குது."

எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. செக்போஸ்ட் டீக்கடையில் யாரோ ஒருவர் யாரிடமோ சொன்னது ஞாபகம் வந்தது. அவர் முகம்கூட நினைவில்லை. "டிரைவர் தண்ணியடிச்சிருந்தான்னு அங்கன பேசிக்கிட்டாக சார்" என்றேன்.

"அப்படிச் சொல்லு. அதப் போடு. 'பேசிக்கிட்டாங்க'ன்னு எல்லாம் இழுக்காத, நேரா போடு."

நேராகப் போட்டேன். 'ஓட்டுநர் குடிபோதையில் இருந்தார்.' மூன்றே சொற்கள். சுருக்கமாக எழுதுகிறாய் என்று அவர் பாராட்டினார். முதலாளிக்கு வக்கீல் இருந்தார். டிரைவருக்கு யாரும் இல்லை. அதனால் அவர் விஷயத்தில் ஆதாரம் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் பெயரையும், ஊரையும், வயதையும் முழுசாகப் போட்டோம்.

நான் வேதக்காரன். தவக்காலம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். சாமியாரிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன்; தம்பியோடு பேசாமல் இருந்தது, அம்மாவை வைதது. இதைச் சொன்னதில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறந்தே போயிருந்தேன்.

கைகழுவும் இடத்தில்

விழா நடக்கவேண்டிய விதத்தில் நடந்து முடிந்தது. பொன்னாடையைத் தொகுப்பாளரே வாங்கிப் போர்த்திவிட்டார். எனக்கும் ஒரு கேடயம் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். பந்தியில் உட்கார்ந்து மூன்று விதப் பாயசத்தில் இரண்டைச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் மனிதன் சாப்பிட மாட்டான் என்று கதைகளில் எழுதுவார்கள். நன்றாகவே சாப்பிட்டேன்.

சரவணக்குமார் எதிர்வரிசையிலிருந்து குனிந்து, "ஞானம் அண்ணே, இந்த அம்மாவ யாருண்ணே கூட்டியாந்தது? வீடியோல அந்தப் பகுதிய எடுத்துரச் சொல்லியிருக்கேன்" என்றான். எடுத்துவிட்டார்கள். இணையத்தில் இருக்கிற விழா வீடியோவில் பேச்சியம்மாள் மேடையேறுவார், உடனே தேசிய கீதம் வரும்.

கைகழுவும் இடத்தில் நூர்ஜஹான் நின்றிருந்தாள். இதுதான் சமயம் என்று நினைத்தேன். ஞாபகம் வந்த புதிய குற்றத்தை விட்டுவிட்டு, பழகிப்போன பழைய குற்றத்தை எடுத்துக்கொண்டேன்.

"நூரு, அன்னைக்கு உன் பேரப் போடாம விட்டதுக்கு நான்..."

"அண்ணே," என்றாள். குழாயை மூடினாள். "என் பேரு அதுல இல்லாததுதான் எனக்கு நிம்மதி. இருந்திருந்தா அந்த அக்கா மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்?"

"நீ எனக்கு லெட்டர்கூடப் போட்டியே, பேர் வரலைன்னு."

"பேரப் பத்தி அதுல ஒரு வரி இல்லண்ணே. அக்காவக் கேட்டுட்டு, டிரைவரு குடிக்கலைன்னு எழுதியிருந்தேன். மறுப்பு போடுங்கன்னு எழுதியிருந்தேன். ஆபீசுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பக்கமும் பதில் வரல. அதோட அட்டைய எடுத்து அடுப்புல போட்டேன்."

நீலநிற இன்லண்ட் கடிதம் அது. படித்தேன் என்றுதான் நினைவு. படித்தும், எனக்கு வசதியான வேறொரு கடிதத்தை மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? என்னால் நம்ப முடிகிறது. இருபது வருடம் அடுத்தவர் எழுத்தைத் திருத்திய கை இது.

"நான்தான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எழுத்து உங்க எழுத்தாச்சே. 'குடிபோதையில்'னு நம்ம ஆளுகள்ல வேற யாரு எழுதுவா? மத்தவுக எல்லாம் 'தண்ணியப் போட்டுட்டு'ன்னுதான எழுதுவாக." அவள் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அக்காவ சுருளிப்பட்டில விடணும். கூட்டியாரத் தெரிஞ்சவுகளுக்கு, திருப்பி விடத் தெரியல. உங்ககிட்ட கார் இருக்குல்ல?"

சின்னமனூர் தாண்டி

பேச்சியம்மாள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நூர்ஜஹான் ஸ்கூட்டரில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வீரபாண்டி போனது, சின்னமனூர் போனது. நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். ஆற்றில் வருகிற தண்ணீரைப் பற்றிப் பேசினேன். வாழைத்தார் என்ன விலை போகிறது என்று கேட்டேன். ஒரு பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த அத்தனை தப்பிக்கும் வழிகளிலும் போய்ப் பார்த்தேன்.

உத்தமபாளையம் நெருங்கும்போது சொன்னேன். "அக்கா, நீங்க மேடையில கேட்டீகல்ல. அத எழுதுனது நான்தான்."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அங்கன சொல்லாம இங்கன சொல்றீக" என்றார். பிறகு, "என்கிட்ட எதுக்குச் சொல்றீக? அவன்கிட்டச் சொல்லுங்க. தோட்டத்துலதான் இருப்பான்" என்றார்.

போகிற வழியில் அவரே சொன்னார். இறந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அவர்கள் தெருக்காரி. அவள் வீட்டு ஆட்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து தம்பியை அடிக்கப் பாய்ந்தார்களாம். குடித்ததற்கு எந்த அத்தாட்சியும் இல்லை என்று கோர்ட்டில் ஆனது. அதற்குள் பல வருடம் போய்விட்டது. கோர்ட் சொன்னதை யாரும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குக் காட்டவில்லை. தம்பி மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. போன வருடம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபி குடித்துக்கொண்டே, "குடிச்சு வண்டியக் கவுத்தவரு வீடுதான இது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஜீப் முதலாளி இப்போது உயிரோடு இல்லை. அவர் பெயரை இந்த அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அவருடைய பிள்ளைகளுக்கு நல்ல வக்கீல்கள் இருப்பதாக ஆசிரியர் நினைவுபடுத்தினார். எடுத்துவிட்டேன். ஆக, இந்த முறையும் அவர் பெயர் இல்லை. எங்கள் தொழில் பெரிதாக முன்னேறிவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

திராட்சைப் பந்தல்

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. பந்தல் நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். குனிந்தபடியே போனேன். நடுவில் ஒரு மனிதர் கத்தரியால் கொடியைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். மருந்தடித்து அடித்து, நகக்கண்ணெல்லாம் மயில்துத்தத்தின் நீலம். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

"யாருக்கா இவரு?" என்று கேட்டார்.

அக்காவும் நூர்ஜஹானும் வேண்டுமென்றே என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க குடிச்சிருந்தீகன்னு பத்திரிகையில எழுதுனது நான்தான்" என்றேன்.

அவர் கையிலிருந்த கொடியை வெட்டி முடித்தார். அடுத்ததையும் வெட்டினார். வெட்டிய குச்சிகளை ஓரமாகப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"எதுக்குங்க அப்படி எழுதுனீக?"

காரில் வரும்போது நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் நிறைய. வயது, அவசரம், மேலிடத்து நெருக்கடி. அவருடைய நீல விரல்களைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றையும் சொல்ல வரவில்லை.

"வண்டி ஏன் கவுந்துச்சுன்னு கேட்டாக. என்கிட்ட வேற காரணம் இல்ல" என்றேன்.

"என்னையக் கேட்டிருக்கலாமே" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரியிலதான கெடந்தேன், மூணு மாசம். உங்க ஆளுக வந்து அக்காவப் போட்டா எடுத்தாக. அதே வராண்டாவுல ஒரு கட்டில்ல நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். ஒருத்தரும் என்கிட்ட வரலையே. வந்தா சொல்லணும்னு எல்லாத்தையும் மனசுல வரிசையா வச்சிருந்தேன். எந்த வளைவுல பிரேக்கு போச்சு, எங்கன ஒடிச்சுத் திருப்புனேன், பள்ளத்துல விழாம மலைப்பக்கம் சாய்ச்சதுனால மத்த ஆளுக பொழைச்சது..."

நிறுத்திவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை வரிசையாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அல்லது, என்னிடம் சொல்ல விருப்பமில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொன்னேன். அதை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. வெளியூர்க்காரர் வழி விசாரிக்கும்போது கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

"வேற ஒரு பத்திரிகையில இப்ப வாராவாரம் எழுதுறேன்" என்றேன். "இத எழுதலாமா? உங்களுக்குச் சங்கடமா இருந்தா பேர மாத்தி எழுதுறேன்."

முதல்முறையாக அவர் முகத்தில் கோபம் வந்தது.

"அது என்னங்க நியாயம்? பொய்ய என் பேரப் போட்டு எழுதுனீக. நெசத்த எழுதும்போது மட்டும் பேர மாத்துவீகளா? அதுல எப்படிப் போட்டீகளோ அப்படியே போடுங்க. இனிஷியலோட போடுங்க."

நூர்ஜஹான் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று தாளை வாங்கி அவள் ஒருமுறை பார்த்தாள்.

அந்த ஜீப்பை ஓட்டியவர் பெயர் மு. சின்னமாயன், சுருளிப்பட்டி. அன்று அவர் குடித்திருக்கவில்லை.